உராய்வு ஏற்பட்டு

தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் என் கவுண்டருக்கு வந்தார். நான் விருதுநகரில் ஒரு வங்கியில் குமாஸ்தா. அவர் சிவகாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர்; பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற வேலை. போனஸ் பணம் கணக்கில் ஏறியிருந்தது, எடுக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால் கைரேகைக் கருவியில் விரலை வைக்கச் சொன்னேன். கருவி ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், மறு கை என்று பத்து விரலும் ஆயிற்று. "ரேகை விழ மாட்டேங்குதும்மா, நாளைக்கு வாங்க" என்றேன். அவர் தம் கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இது என் கைதான் சார். வேற யார் கையக் கொண்டாந்திருக்கேன்?" என்றார். கோபம் ஒன்றும் இல்லை. என் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கிற தொனி.

அந்தக் கையில் அலுமினியப் பொடியின் வெள்ளி மினுக்கம் இருந்தது. நகக்கண்களிலும் விரல் மடிப்புகளிலும் அது தங்கிவிடும். எத்தனை கழுவினாலும் லேசில் போகாது. எங்கள் பக்கத்தில் பிறந்த எவனும் அந்தக் கையை ஒரு தடவை பார்த்தால் அது என்ன வேலை செய்கிற கை, சுமாராக எத்தனை வருஷமாகச் செய்கிற கை என்று சொல்லிவிடுவான். கருவிக்கு மட்டும் அதில் படிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த நாட்களில் நான் டெராஹெர்ட்ஸ் அலைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பொருளைத் திறக்காமல், தொடாமல், கெடுக்காமல், உள்ளே இருப்பதைப் படிப்பது எப்படி என்பதுதான் அந்த ஆராய்ச்சியின் சாரம். விமர்சனம் என்று நாம் சொல்லிக்கொள்கிற காரியமும் ஏறக்குறைய இதுவே. ஆகவே ஒரு கேள்வி இரண்டுக்கும் பொதுவாகிறது. பார்க்கப்படுகிற பொருளுக்குத் தீங்கு செய்யாத பார்வை என்று ஒன்று சாத்தியம் என்றே வைத்துக்கொள்வோம். அதனாலேயே பார்க்கிறவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானா?

முதலில் அலையைப் பற்றி. வானொலி அலைகளுக்கும் அகச்சிவப்புக் கதிர்களுக்கும் நடுவே ஒரு பிரதேசம் இருக்கிறது. வினாடிக்கு லட்சம் கோடி தடவை அதிர்கிற அலையை ஒரு டெராஹெர்ட்ஸ் என்கிறார்கள். அதன் நீளம் மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு. இதற்குக் கீழே பத்தில் ஒரு பங்கிலிருந்து மேலே பத்து மடங்கு வரை இந்தப் பிரதேசம் என்பது வழக்கு. நெடுங்காலம் இது யாருக்கும் பிடிபடவில்லை. வானொலிக்காரர்களின் வழியில் கீழிருந்து ஏறினால், கம்பியில் மின்சாரத்தை அத்தனை வேகமாக ஆட்டிவைக்க முடியவில்லை. ஒளிக்காரர்களின் வழியில் மேலிருந்து இறங்கினால், இந்த அலையின் துகள் அத்தனை பலவீனமானது. கண்ணுக்குத் தெரியும் ஒளித் துகளின் சக்தியில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்கு. அறையின் சாதாரண வெப்பமே அதைவிடப் பலமாகப் பொருள்களை உலுக்கிக்கொண்டிருக்கிறது. நம் உடம்பின் சூட்டிலிருந்துகூட இந்த அலைகள் சதா கசிந்துகொண்டிருக்கின்றன. எங்கும் இருக்கிறது, ஆனால் கைக்கு வராது. விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் டெராஹெர்ட்ஸ் இடைவெளி.

இடைவெளி என்றாலும் அது வெறுமையாக இருந்ததில்லை. 1900-ல் பெர்லினில் ஹைன்ரிஹ் ரூபன்ஸ் இந்தப் பிரதேசத்தின் மேல் எல்லையில், 0.05 மில்லிமீட்டர் நீளமுள்ள கதிர்களை, கல்லுப்புப் படிகங்களில் மீண்டும் மீண்டும் பிரதிபலிக்க வைத்துப் பிரித்தெடுத்து அளந்தார். அந்த அளவுகள் அன்றைய கொள்கைக்கு ஒத்துவரவில்லை. அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாக்ஸ் பிளாங்க் வீட்டுக்குப் போயிருந்தபோது இந்த விஷயத்தைச் சொன்னார். அதே மாதம் 19-ஆம் தேதி பிளாங்க் தம் புதிய சூத்திரத்தை வெளியிட்டார். குவாண்டம் கொள்கையின் தொடக்கம் அது. யாருக்கும் உபயோகப்படாத ஒரு மங்கலான கதிரை ஒருவர் பொறுமையாக அளந்ததன் விளைவு.

கீழ் எல்லையில், நம் நாட்டில், அதற்கும் முன்பே ஒருவர் இருந்தார். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களில் உண்டாக்கிய அலைகளில் மிகச் சிறியதன் நீளம் 5 மில்லிமீட்டர். டெராஹெர்ட்ஸ் பிரதேசத்தின் வாசல் மூன்று மில்லிமீட்டரில் தொடங்குகிறது என்றால், அவர் தெருவில் வந்து நின்றுவிட்டார் என்று அர்த்தம். இந்த அலைகளைப் பற்றி வங்காளியில் எழுதிய கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு 'அதிருஸ்ய ஆலோக்'. கண்ணுக்குத் தெரியாத ஒளி. 1895-ல் அவர் நடத்திய பகிரங்க விளக்கத்தில் இந்த ஒளி எட்ட இருந்த ஒரு மணியை அடித்தது. கொஞ்சம் வெடிமருந்தையும் வெடிக்கவைத்தது. எங்கள் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்தச் செய்தி வெறும் சரித்திரமாகப் படாது. அந்த ஒளியின் முதல் பகிரங்கக் காரியங்களில் ஒன்று, தூர நின்று மருந்தைத் தீண்டியது.

போஸ் உபயோகித்த சாமான்களில் இன்னொன்று நம்மவர்களுக்குச் சுவாரஸ்யமானது. ஒரு புஸ்தகம். பிராட்ஷா ரயில்வே கால அட்டவணை. அதன் பக்கங்களுக்கு இடையில் வெள்ளீயத் தகடுகளைச் செருகி, அலையை ஒரே திசையில் மட்டும் அதிர விடுகிற வடிகட்டியாக்கினார். பிறகு தகடுகளை எடுத்துவிட்டுப் பார்த்தார். வெறும் புஸ்தகமும் அந்த வேலையை ஓரளவு செய்தது. தாளுக்கும் தாளுக்கும் நடுவே உள்ள மெல்லிய காற்றுப் படலமே போதுமானதாக இருந்தது.

அதே கல்கத்தாவுக்கு 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் போனார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்த்த கரிசல் காட்டில் தீப்பெட்டியும், அதன் பின்னே பட்டாசும், லேபிள் அச்சிட அச்சகங்களும் வந்தது அந்தப் பயணத்திலிருந்து. போஸ் அப்போது உயிரோடுதான் இருந்தார். இரு தரப்பும் சந்தித்ததாக நான் கதை கட்டப்போவதில்லை. ஒரே நகரத்திலிருந்து இரண்டு வித்தைகள் கிளம்பின என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். ஒன்று மருந்தைத் தொடாமல் எட்ட நிற்பது. மற்றது மருந்தைக் கையால் அள்ளுவது. எங்கள் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது.

இந்த அலையை விரும்பியபடி உண்டாக்குவது கடந்த ஐம்பது ஆண்டுகளில் கைகூடிய விஷயம். காலியம் ஆர்சனைடு போன்ற ஒரு குறைகடத்தியின் மேல் இரண்டு மின்முனைகளை வைத்து, நடுவில் லேசர் துடிப்பு ஒன்றைப் பாய்ச்சுகிறார்கள். துடிப்பின் ஆயுள் ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதிலும் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் மின்னோட்டம் திடுக்கிட்டு எழுகிறது; எழுகிற திடுக்கீடே டெராஹெர்ட்ஸ் அலையாக வெளியேறுகிறது. 1995-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதைக்கொண்டு ஓர் இலையைப் படமெடுத்தார்கள். புதிதாகப் பறித்தபோது ஒரு படம், வாடின பிறகு ஒரு படம். இந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஆகவே இலையில் ஈரம் எங்கே இருந்தது, எங்கே வற்றிற்று என்பது இலையைக் கிழிக்காமலேயே தெரிந்தது. 2002-ல் இந்த அலையை நேரடியாகத் தருகிற குறைகடத்தி லேசர் வந்தது, கடுங்குளிரில் வைத்தால் மட்டும் இயங்குவதாக.

2016-ல் அமெரிக்காவில் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தாரும் சேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்களில் தாளுக்கு ஓர் எழுத்தாக எழுதி, அடுக்கைத் திறக்காமல் ஒன்பது தாள் ஆழம் வரை எழுத்துக்களைப் படித்தார்கள். அவர்களுக்கு உதவியதும் தாள்களுக்கு நடுவே இருந்த காற்றுதான். போஸின் ரயில்வே அட்டவணையில் இருந்த அதே காற்று.

மூடிய புஸ்தகத்தைப் படிப்பது! பட்டாசும் ஒருவகையில் மூடிய புஸ்தகம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பழைய நோட்டுப் புஸ்தகங்களும் செய்தித்தாளும் சுற்றப்பட்டு வெடிகள் ஆனதுண்டு. விற்காத சிறுபத்திரிகைக் கட்டுக்களும் அந்த வழியில் போயிருக்கலாம். அப்படியானால் நம் கட்டுரைகள் சத்தம் எழுப்பிய ஒரே சந்தர்ப்பம் அதுவாக இருக்கும். ஓலைவெடியைச் சுற்றுவதோ நம் முன்னோர்கள் எழுதிய அதே பனை ஓலையில். சிறுவயதில் தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவில் கிடக்கும் காகிதத் துணுக்குகளைப் பொறுக்கி, பாதி வாக்கியங்களைப் படித்துப் பார்த்திருக்கிறேன். வெடித்த பிறகு படிப்பது என் பழக்கம். வெடிக்கும் முன்பு படிப்பது டெராஹெர்ட்ஸ்.

எப்படிப் படிக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. காகிதம், துணி, பிளாஸ்டிக் இவற்றை இந்த அலை தாராளமாக ஊடுருவுகிறது. உலோகம் அதைத் திருப்பி அனுப்பிவிடும். வேறு சில பொருள்கள் தத்தம் அணுக்கட்டின் அசைவுக்கு ஏற்ற ஒரு குறிப்பிட்ட அதிர்வை மட்டும் விழுங்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். ஆர்.டி.எக்ஸ். என்கிற ராணுவ வெடிபொருள் 0.8 டெராஹெர்ட்ஸ் அளவில் அலையை விழுங்குகிறது. மறுபக்கம் வந்து சேர்ந்த அலையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். பள்ளத்தைப் பார்த்து, உள்ளே இருப்பது இன்னது என்று சொல்கிறார்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் உயர் ஆற்றல் பொருள்கள் ஆய்வு மையத்திலும் வெடிபொருள்களின் இத்தகைய அடையாளங்களை அளந்து வந்திருக்கிறார்கள். நிறமாலை ஆய்வில் ஒரு பொருளை நாம் அறிவது அது எதைக் காட்டுகிறது என்பதால் மட்டுமல்ல. எதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டது என்பதாலும்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் ஜில்லாவின் ஒரு வாக்கியத்தைப் படித்துப் பார்க்கலாம். 'மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு விபத்து நேர்ந்தது.' இதைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. ஊரின் பெயரும் எண்ணிக்கையும் மாறும். வாக்கியம் மாறாது. இலக்கணப்படி இதில் எழுவாய் உராய்வு. அது தானாக ஏற்படுகிறது. விபத்து தானாக நேர்கிறது. பிழை ஒன்றும் இல்லை. உராய்வினால்தான் தீப்பிடிக்கும் என்பதைப் பௌதிகம் மறுக்காது. ஆனால் வாக்கியத்தின் மறுபக்கம் வந்து சேர்ந்ததில் பள்ளங்கள் எங்கே என்று பார்த்தால் அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். வெயில் ஏறின பிறகும் கலக்கச் சொன்னவர். ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற விதி இருக்க, மேலும் ஆளை உட்காரவைத்தவர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு விட்டவர். எண்ணிக்கைக் கூலியை வைத்து, கை வேகமாக ஓடினால்தான் அடுப்பு எரியும் என்று ஆக்கினவர். தீபாவளிக்குள் சரக்கு வேண்டும் என்று அவசரப்பட்ட ஊர் ஊரான நாமெல்லோரும். இத்தனை பேரையும் அந்த நான்கைந்து வார்த்தைகள் விழுங்கிவிட்டன.

இந்தப் பள்ளத்தைப் படிக்க லேசர் தேவையில்லை. தமிழ் வாக்கியம் படிக்கத் தெரிந்தால் போதும். நம்முடைய தொழில் என்று நாம் சொல்லிக்கொள்வது அதுதானே.

இனி, தூரத்தைப் பற்றி. டெராஹெர்ட்ஸைச் சாதுவான கதிர் என்கிறார்கள். எக்ஸ் கதிரைப் போல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறியும் சக்தி அதற்கு இல்லை. உடம்பில் பட்டால் தோலின் ஈரத்தோடு நின்றுபோகிறது. அதன் அஹிம்சை அதன் பலவீனத்திலிருந்து வருகிறது. 2009 டிசம்பர் 25-ஆம் தேதி டெட்ராய்ட் நகரத்துக்குப் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடையில் வெடிபொருளை மறைத்துக்கொண்டு ஏறின பிறகு, விமான நிலையங்களில் ஆடைக்கு அடியில் பார்க்கும் கருவிகள் பெருகின. அவற்றில் ஒரு வகை போஸின் பக்கத்து மில்லிமீட்டர் அலையில் வேலை செய்வது; மற்றது பலவீனமான எக்ஸ் கதிரில். ஆடையின்றி மனிதர்களைப் பார்க்கலாமா என்று வழக்கு, விவாதம் எல்லாம் நடந்தது. அந்தரங்கத்தை மறைக்கும் ஏற்பாடு பொருத்தப்படாத எக்ஸ் கதிர்க் கருவிகளை அமெரிக்கா 2013-ல் தன் விமான நிலையங்களிலிருந்து எடுத்துவிட்டது. பார்க்கப்படுகிறவனுக்குக் கௌரவம் உண்டு என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். நல்லது.

எனக்கு உறுத்துவது வேறு. எட்ட நின்று பார்க்கும் சௌகரியம் யாருக்குக் கிடைத்தது? விமானத்தில் போகிறவர்களுக்குக் கிடைத்தது. மருந்து அறையில் இருக்கிறவர்களுக்கு அப்படி ஒரு எட்டம் கிடையாது. அவர்களுக்கும் மருந்துக்கும் நடுவே இருப்பது விரலின் தோல் மட்டும். வெடிபொருள் சட்டமே தூரங்களால் எழுதப்பட்ட சட்டம். அறைக்கும் அறைக்கும் இவ்வளவு, அறைக்கும் பொதுச் சாலைக்கும் இவ்வளவு என்று. சாலையில் போகிறவனை மருந்திலிருந்து அது நன்றாகவே தள்ளிவைக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தூரம் என்பது மரத்தடியில் சாப்பிடப் போகிற அரைமணி நேரம்.

இதிலிருந்து, எட்ட நிற்பதே பாபம், கிட்டப் போவதே தர்மம் என்று ஒரு முடிவுக்குத் தாவ எனக்குச் சபலம் உண்டு. எழுத்தாளர்களுக்கு இந்த முடிவு பிடிக்கும். ஆனால் அது பொய். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள்கூட இல்லை. முதல் சத்தம் கேட்டு, புகையைப் பார்த்து, உள்ளே சிக்கினவர்களைத் தூக்க ஓடிவந்த சுற்றுப்புற ஊர்க்காரர்கள். அடுத்தடுத்த வெடிப்பில் போனார்கள். கிட்டப் போனது அவர்களைக் காப்பாற்றவில்லை. உள்ளே இருந்தவர்களையும் காப்பாற்றவில்லை. அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, அருகாமையின் அழகைப் பற்றி நான் பேச முடியாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது தூரம். மருந்தைக் கலக்க ஒரு இயந்திரக் கை, நூறு கஜம் தள்ளி ஒரு சுவர், அதன் பின்னால் ஒரு நாற்காலி. டெராஹெர்ட்ஸோ வேறு எதுவோ அந்த நாற்காலியைத் தரும் என்றால் அதை வாழ்த்தத்தான் வேண்டும்.

ஆகவே தூரத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. அது பங்கிடப்பட்ட விதத்தின் மேல்தான் புகார். தூரம் உள்ளவன் பார்க்கிறான், தூரம் இல்லாதவர் பார்க்கப்படுகிறார் என்று ஆகிப்போனதன் மேல். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இன்னொரு விபத்து. மறுபடியும் உராய்வு. இடைப்பட்ட எட்டு வருஷத்துக்கும் மேலான காலத்தில் கதிர் ஆராய்ச்சியில் எத்தனையோ நடந்தது. மூடிய தாளின் எழுத்துகூடப் புலப்பட்டது. அச்சங்குளத்தில் யாருக்கும் புலப்படாமல் இருந்த காரணம் என்று ஒன்றும் இல்லை. வெயில், உராய்வு, நெரிசல், அவசரம், உள்குத்தகை எல்லாம் சாதாரண வெளிச்சத்தில், எல்லோருக்கும் முன்னால் இருந்தன. இருட்டில் கிடப்பதைக் காட்ட ஒளி உதவும். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் தெரியாமல் போனதை எந்த அலைநீளமும் காட்டாது. தீங்கு செய்யாத பார்வை குற்றமற்றதா என்ற கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்: பார்த்ததன் பேரில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்கிற இடத்தில் நின்று பார்க்கிறவன், எவ்வளவு மென்மையாகப் பார்த்தாலும், குற்றத்தில் பங்காளி.

இதை எழுதிக்கொண்டு வரும்போதே எனக்குத் தெரியும், நான் கவுண்டருக்குத் திரும்பியாக வேண்டும் என்று.

கருவி ஏற்காவிட்டால் மாற்று வழி உண்டு. பணம் எடுக்கும் சீட்டில் மையொற்றிப் பெருவிரல் ரேகை வாங்கி, பாஸ்புக்கில் உள்ள புகைப்படத்தோடு ஒப்பிட்டு, அதிகாரியின் சாட்சிக் கையெழுத்தோடு பணம் கொடுக்கலாம். பத்து நிமிஷ வேலை. விதிவிலக்குப் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். எனக்கு அது அன்றும் தெரியும். மணி மூன்றரை, வரிசையில் எட்டுப் பேர், அதிகாரி போனில். கருவி சொல்லிவிட்டது என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தக் கையைக் கருவி படிக்கவில்லை. நான் படித்தேன், படித்துவிட்டு "நாளைக்கு வாங்க" என்றேன். விருதுநகர் வந்து போக அவருக்கு ஒரு நாள் கூலி. தீபாவளிக்கு முந்தின வாரத்தில்.

மறுநாள் அவர் வந்தார். கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்; விரல் நுனிகள் சிவந்திருந்தன. கருவியை நான் நீட்டவில்லை. மையொற்றியை எடுத்தேன். "இத நேத்தே பண்ணியிருக்கலாமா சார்?" என்று கேட்டார். "பண்ணியிருக்கலாம்மா" என்றேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் எழுதினேன்: 'ரேகை தேய்வு ஏற்பட்டு, கருவி ஏற்கவில்லை.' அதிகாரி கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் பதிவேட்டை அலமாரியில் வைக்கும்போதுதான் அந்த வரியைத் திரும்பப் படித்தேன்.